மறுசுழற்சிப் பிளாஸ்டிக் பாய்: பார்த்து வாங்குவதும் நெடுநாள் உழைக்க வைப்பதும்

மொட்டை மாடியில் விரிப்பதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன்பு நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பாய் வாங்கினேன். மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக்கால் நெய்யப்பட்டது, சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று அதன் உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள். முதல் கோடையில் நிறம் மங்கியது. இரண்டாவது கோடை கழிந்து ஆடி மாதத்தில் அதைச் சுருட்ட முயன்றபோது, மடிந்த இடமெல்லாம் காய்ந்த பனையோலை போலப் படக்கென்று ஒடிந்தது. விளக்குமாற்றால் கூட்டக் கூட்ட அரிசிக் குருணை அளவில் நீலத் துணுக்குகள் வந்துகொண்டே இருந்தன. கூட்டியதற்குத் தப்பியவை அடுத்த மழையில் மழைநீர்க் குழாய் வழியாக இறங்கித் தோட்டத்து மண்ணில் கலந்துவிட்டன. இன்றைக்கும் செடிக்கு மண் கிளறினால் ஒன்றிரண்டு நீலத் துணுக்குகள் கண்ணில் படுகின்றன.

அந்தப் பாயில் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இருந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் குப்பைக்குப் போகவேண்டிய பொருளை எடுத்து, இரண்டே ஆண்டில் பொறுக்கவே முடியாத துகளாக்கித் திருப்பிக் கொடுத்த ஒன்றைச் சூழலுக்கு உகந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே, இத்தகைய பாயையோ தரைவிரிப்பையோ வாங்கப் போகிறவர்கள் அது எதனால் ஆனது என்று கேட்பதோடு, நம் வெயிலுக்கும் மழைக்கும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். அதை எப்படிப் பார்ப்பது, வாங்கிய பின் எப்படிப் பேணுவது என்பதைப் பட்டு அறிந்தவரையில் இங்கே எழுதுகிறேன்.

கடையில் கிடைக்கும் இரண்டு வகை

மறுசுழற்சிப் பிளாஸ்டிக் விரிப்பு என்ற ஒரே பெயரில் முற்றிலும் வேறான இரண்டு பொருள்கள் விற்கப்படுகின்றன. முதலாவது, குளிர்பானம் உறிஞ்சும் குழலைப் போன்ற மெல்லிய குழல்களையோ பட்டைகளையோ ஊடாக வைத்து நெய்த பாய். கையில் எடுத்தால் வழவழப்பாகவும் இலேசாகவும் இருக்கும், தண்ணீரை உறிஞ்சாது. இது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீனால் ஆனது. இரண்டாவது, குடிநீர் பாட்டில்களுக்குப் பயன்படும் பெட் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி இழையாக்கி, நூலாக முறுக்கி, தறியில் நெய்த விரிப்பு. பார்வைக்கும் தொடுவதற்கும் இது பருத்தி அல்லது கம்பளி விரிப்பைப் போலவே இருக்கும். வட இந்தியாவின் பானிப்பட், பதோகி பகுதித் தறிகளிலிருந்து இவ்வகை விரிப்புகள் நிறைய வருகின்றன.

பாட்டில் நூலாகும் வழியைத் தெரிந்துகொண்டால் இரண்டாவது வகையின் குணம் விளங்கும். சேகரித்த பாட்டில்களிலிருந்து மூடியையும் மேலுறையையும் நீக்கி, நிறவாரியாகப் பிரித்து, துண்டு துண்டாக நறுக்கி, காரம் கலந்த வெந்நீரில் கழுவுகிறார்கள். பிறகு அந்தச் செதில்களை ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தவேண்டும். ஈரத்தோடு உருக்கினால் பெட்டின் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து நூல் வலுவிழந்துவிடும். பெட் உருகும் வெப்பநிலை ஏறத்தாழ 250 முதல் 260 டிகிரி செல்சியஸ் என்பதால் அதற்கும் மேலே சூடேற்றி, நுண்துளைகள் வழியாகத் தள்ளி இழையாக்குகிறார்கள். உருகிய நிலையிலேயே நிறத்தைக் கலந்துவிட்டால் நிறம் இழையின் உள்வரைக்கும் ஓடியிருக்கும். அப்படிப்பட்ட நூல் வெயிலில் எளிதில் வெளுக்காது. வெளியிடத்துக்கு வாங்குகிறவர்கள், நிறம் பின்னால் சாயமாக ஏற்றியதா, உருக்கும்போதே கலந்ததா என்று விற்பவரிடம் கேட்டுப் பார்ப்பது பயன் தரும்.

பாலிபுரொப்பிலீன் கதை வேறு. அது ஏறத்தாழ 160 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் செய்வது எளிது, விலையும் குறைவு. ஆனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சேர்க்கை கலக்காவிட்டால் வெயில் அதை விரைவில் நொறுக்கிவிடும். மறுசுழற்சி செய்தால் இந்தக் குறை இன்னும் கூடும். ஏனென்றால் ஒருமுறை உருகி, பயன்பட்டு, வெயிலும் பட்டுத் திரும்பி வந்த பிளாஸ்டிக்கில் முதலில் கலந்திருந்த பாதுகாப்புச் சேர்க்கைகளில் பெரும்பகுதி தீர்ந்து போயிருக்கும். புதிதாகச் சேர்க்கை கலந்தால்தான் அது மறுபடியும் வெயிலைத் தாங்கும். என் நீலப் பாய் நொறுங்கியதற்கு இதுதான் காரணம் என்று பின்னாளில் புரிந்தது.

ஒரு கிண்ணம் தண்ணீரில் தெரிந்துவிடும்

விற்பவர் சொல்வதை நம்பியாகவேண்டிய நிலை எல்லாவற்றிலும் இல்லை; எந்தப் பிளாஸ்டிக் என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். பாயின் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் ஓர் இழையை அரை அங்குல நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். குழல் வடிவில் இருந்தால் உள்ளே காற்று நின்று ஏமாற்றும் என்பதால் அதை நெடுக்குவாக்கில் பிளந்து தட்டையாக்கவேண்டும். ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரை விட்டு, துண்டை விரலால் முழுவதும் அமுக்கி நனைத்து, கையை எடுங்கள்.

பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, ஏறத்தாழ 0.9, ஆகவே அது மேலே எழும்பி மிதக்கும். பெட்டின் அடர்த்தி ஏறத்தாழ 1.38, அது நேராக அடியில் போய் உட்காரும். பெட் நூல் என்று சொல்லி விற்கப்பட்ட விரிப்பின் இழை மிதந்தால் அது பெட் இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். குழல் பாயின் துண்டு மூழ்கினாலும் கவனிக்கவேண்டும்: எடைக்காகவும் விலையைக் குறைப்பதற்காகவும் சுண்ணாம்புத் தூளை அளவுக்கு மீறிக் கலந்திருந்தால் பாலிபுரொப்பிலீனும் மூழ்கும்; அத்தகைய இழை வளைத்தால் வெளுத்துக் கோடு விழும், சீக்கிரம் ஒடியும். மூழ்குகிற துண்டு ரப்பர் போலத் துவண்டு, ஒருவித நெடியும் அடித்தால் அது பி.வி.சி.யாக இருக்கக்கூடும். பழைய பி.வி.சி.யில் மென்மையாக்கிகளும் ஈயம் சேர்ந்த பொருள்களும் இருக்க வாய்ப்புண்டு என்பதால், தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் மறுசுழற்சி பி.வி.சி. விரிப்பை உள்ளே கொண்டுவரவே வேண்டாம் என்பது என் கருத்து.

இழையைக் கொளுத்தி மோந்து பார்ப்பது என்ற பழைய முறையும் உண்டு. தண்ணீர் இருக்கும்போது நெருப்பும் நச்சுப் புகையும் எதற்கு?

உறையில் அச்சிட்டிருக்கும் சொற்கள்

மறுசுழற்சி செய்யத்தக்கது என்பது வேறு, மறுசுழற்சி செய்யப்பட்டது என்பது வேறு. முன்னது, இனிமேல் யாராவது எடுத்துப் போய் உருக்கினால் உருகும் என்று மட்டுமே சொல்கிறது. முற்றிலும் புதிய பிளாஸ்டிக்கால் ஆன பாயிலும் அதை அச்சிடலாம். அதேபோல, அம்புக்குறிகள் சுற்றிவரும் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருந்தால் அது பாலிபுரொப்பிலீன் என்று பொருள், 1 என்றால் பெட் என்று பொருள். பிளாஸ்டிக்கின் வகையைக் காட்டும் அந்த எண்ணை மறுசுழற்சிக்கான சான்றாக எடுத்துக்கொள்வது மிகப் பரவலான தவறு.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஆலையில் பாய் நெய்யும்போதே வெட்டுப்பட்டு விழும் கழிவை மறுபடி உருக்கிப் பயன்படுத்துவதும் மறுசுழற்சி என்ற பெயரில் சொல்லப்படுகிறது. மக்கள் பயன்படுத்தி எறிந்த பாட்டிலையும் சாக்கையும் எடுத்து உருக்குவதும் அதே பெயரில் சொல்லப்படுகிறது. ஆலைக்கழிவைச் சேர்ப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் தெருவிலிருந்தும் குப்பைமேட்டிலிருந்தும் பிளாஸ்டிக்கை அப்புறப்படுத்துவது இரண்டாவதுதான். பளிச்சென்ற வெள்ளையும் வெளிர் நிறங்களும் கொண்ட குழல் பாயைப் பார்த்தால் நான் சற்று ஐயத்தோடுதான் பார்ப்பேன். பல நிறக் கழிவுகளைச் சேர்த்து உருக்கினால் சாம்பலும் பழுப்புமான மங்கல் நிறமே கிடைக்கும், அதனால்தான் உண்மையான கலவைக் கழிவில் செய்த பாய்கள் பெரும்பாலும் கறுப்பு, கரும்பச்சை, கருநீலம் போன்ற அடர்நிறங்களில் வருகின்றன.

சான்று கேட்கவேண்டுமென்றால் ஜி.ஆர்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலகளாவிய மறுசுழற்சித் தரச்சான்றைக் கேட்கலாம். அதில் சேர்வதற்கு ஒரு பொருளில் குறைந்தது 20 விழுக்காடு மறுசுழற்சிப் பொருள் இருக்கவேண்டும். அதன் முத்திரையைப் பொருளின் மேலேயே ஒட்டி விற்பதற்குக் குறைந்தது 50 விழுக்காடு இருக்கவேண்டும். ஆர்.சி.எஸ். என்ற இன்னொரு சான்றுக்கு 5 விழுக்காடே போதும். ஆகவே முத்திரை இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல் எத்தனை விழுக்காடு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் போலிப் பசுமை விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது; தக்க ஆதாரமும் விளக்கமும் இல்லாமல் சூழலுக்கு உகந்தது என்று பொத்தாம்பொதுவாக விளம்பரம் செய்வதை அவை ஏற்பதில்லை. ஏமாற்றப்பட்டதாகக் கருதினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம்.

பாட்டில் கணக்கு சொல்லி விற்பவர்களிடம் தராசும் பெருக்கல் வாய்ப்பாடும் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் காலியாக ஏறத்தாழ 20 முதல் 25 கிராம் எடை இருக்கும். நான்கு கிலோ எடையுள்ள பெட் விரிப்பு 160 முதல் 200 பாட்டில்களுக்குச் சமம். கழுவும்போதும் உருக்கும்போதும் ஏற்படும் சேதாரத்துக்காக இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ஒரு கிலோ விரிப்பில் ஐந்நூறு பாட்டில் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

கையில் எடுத்துப் பார்க்கவேண்டியவை

எடையைப் பாருங்கள். ஆறடிக்கு நான்கடி என்பது 24 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 2.23 சதுர மீட்டர். பாயின் எடையை அதனால் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது கிடைக்கும். ஒரே அளவுள்ள இரண்டு பாய்களில் எது அடர்த்தியாக நெய்யப்பட்டது என்பதை இந்த எண் சொல்லிவிடும். விலையை அதன் பிறகு ஒப்பிடுங்கள். அடுத்து, பாயை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். சல்லடை போலப் புள்ளிப் புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் நெசவு தளர்ந்தது. நாற்காலிக் கால் இழுபட்டாலே இழை விலகிவிடும்.

ஒரு மூலையை எதிர்த் திசையில் இறுக்கமாக மடித்து, கட்டைவிரலால் அழுத்தி, விடுங்கள். நல்ல இழை மெல்ல நிமிர்ந்துவிடும். மடிப்பில் வெள்ளைக் கோடு நிலைத்து நின்றால் வேண்டாம். பெரும்பாலான பாய்கள் நடுவில் கெடுவதில்லை, ஓரத்தில்தான் முதலில் பிரிகின்றன. ஆகவே ஓரப்பட்டை துணியாலானதா, பிளாஸ்டிக்கிலேயே வைத்துத் தைத்ததா என்று பார்க்கவேண்டும். பருத்தி நூலால் தைத்த ஓரம் வெளியிடத்தில் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்குவது அரிது.

முகர்ந்தும் பாருங்கள். மண்ணெண்ணெய் போன்ற அல்லது கருகிய நெடி பலமாக அடித்தால், சரியாகக் கழுவாத கழிவையோ மிகையாகச் சூடேற்றிய பிளாஸ்டிக்கையோ பயன்படுத்தியிருக்கலாம். புதுப் பாயில் சிறிது வாடை இருப்பது இயல்புதான். இரண்டு நாள் நிழலில் காற்றாட விரித்தால் போய்விடவேண்டும்.

எங்கே விரிப்பது, எங்கே வேண்டாம்

திண்ணை, தாழ்வாரம், பால்கனி, கூரையிட்ட கார் நிறுத்துமிடம் ஆகியவை குழல் பாய்க்கு மிகவும் ஏற்றவை. மழைச்சாரல் அடித்தாலும் பாதகமில்லை, கரையான் அரிக்காது, வெயில் நேரடியாகப் படுவதும் குறைவு. மொட்டை மாடிக்கு என்றால் மாலையில் விரித்து, எழுந்து வரும்போது சுருட்டி எடுத்து வந்துவிடவேண்டும். புற ஊதாப் பாதுகாப்பு உள்ள பாயாக இருந்தாலும் சித்திரை, வைகாசி வெயிலில் நாள் முழுதும் கிடத்துவது அதன் ஆயுளைக் குறைக்கும் வேலைதான். அதோடு கறுப்புப் பாயில் நடுப்பகலில் வெறுங்காலோடு நடக்கவும் முடியாது.

ஆடிக் காற்றை மறந்துவிடக் கூடாது. இலேசான பாய் என்பதால் மாடியிலிருந்து பறந்து பக்கத்து வீட்டு மின்கம்பியில் போய் விழுந்த கதைகள் உண்டு. நான்கு மூலையிலும் வளையம் தைத்த பாய் கிடைத்தால் அதையே வாங்கிக் கம்பியில் கட்டிவிடலாம். இல்லையென்றால் மூலைக்கு ஒரு பூந்தொட்டி.

வீட்டுக்குள் பெட் நூல் விரிப்பு பொருந்தும். கூடத்தில் நாற்காலிகளுக்கு நடுவே, கட்டிலின் பக்கத்தில், வாசலுக்கு உட்புறம் கால்மிதியாக என்று பயன்படுத்தலாம். வாங்குவதற்கு முன் கதவுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். விரிப்பின் தடிமன் அதைவிடக் கூடினால் கதவு தினமும் அதை இழுத்துச் சுருட்டும். வழவழப்பான டைல்ஸ் தரையில் இரண்டு வகையுமே வழுக்கும் என்பதால், அடியில் வழுக்காத வலைத்துணி ஒன்றை வெட்டிப் போடுவது அவசியம். முதியவர்கள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

நெருப்புக்கு அருகில் மட்டும் எந்தப் பிளாஸ்டிக் விரிப்பும் ஆகாது. பூசை அறையில் கற்பூரம், ஊதுபத்தி, குத்துவிளக்கு. கார்த்திகையில் வாசலில் வைக்கும் அகல்விளக்கு. இரவில் கொசுவத்திச் சுருள். அடுப்பிலிருந்து இறக்கிய குக்கர் என நம் வீடுகளில் சுடுகிற பொருள்கள் தரைக்கு மிக அருகிலேயே புழங்குகின்றன. பாலிபுரொப்பிலீன் தீப்பற்றினால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். ஆகவே அந்த இடங்களில் தரையை வெறுமையாகவே விட்டுவிடுங்கள்.

படுப்பதற்கும் நான் பிளாஸ்டிக் பாயைப் பரிந்துரைக்கமாட்டேன். அது வியர்வையை உறிஞ்சாது. கோடையில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். தாமிரபரணிக் கரையில் பத்தமடையில் நெய்யப்படும் கோரைப் பாய், பவானி ஜமக்காளம் என்று அதற்காகவே உருவான நல்ல பொருள்கள் நம்மிடம் இருக்கின்றன. கோரைக்கு ஈரம் பகை. அது தோற்கும் இடமான மழைச்சாரலிலும் சேற்றுக் காலடியிலும் மட்டும் பிளாஸ்டிக் பாயைப் பயன்படுத்தினால் இரண்டும் நெடுநாள் உழைக்கும்.

கழுவும் முறை

குழல் பாயைக் கழுவுவது எளிது. முதலில் தலைகீழாகப் போட்டு விளக்குமாற்றுக் கட்டையால் தட்டினால் நெசவுக்குள் ஏறிய மணல் உதிரும். மணலோடு நனைத்துத் தேய்த்தால் அதுவே உப்புத்தாள் போல இழையை அறுக்கும். பிறகு குழாய் நீரை அடித்து, மிதமான சோப்பு நீரில் மென்மையான பிரஷ்ஷால் நெசவின் போக்கிலேயே தேய்த்து அலசவேண்டும். எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவிக் கால் மணி நேரம் விட்டால் போதும். பிளீச்சிங் பவுடரும் கழிப்பறைக்கு ஊற்றும் அமிலமும் ஓரத் தையலையும் நிறத்தையும் கெடுக்கும்; கடுமையான காரமோ பெட் இழையையே அரிக்கும்.

கழுவிய பின் மாடிக் கைப்பிடிச் சுவரில் குழல்கள் மேலும் கீழுமாக நிற்கும்படி தொங்கவிடுங்கள். குழலின் வெட்டுமுனை வழியாக உள்ளே ஏறிய தண்ணீர் வடிவதற்கு வேறு வழியில்லை. கிடையாகத் தொங்கவிட்டால் மறுநாள் சுருட்டும்போது கூடத்தில் சொட்டும். சொட்டு நின்றபின் நிழலுக்கு மாற்றிவிடலாம்.

பெட் நூல் விரிப்பை வாரம் ஒருமுறை வெளியே எடுத்து உதறினாலே பெரும்பாலும் போதுமானது. அடிக்கடி துவைக்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் உதிர்ந்து சாக்கடைக்குப் போகின்றன. கறை பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைப்பதும், முழுதாகத் துவைக்கவேண்டி வந்தால் சலவை இயந்திரத்தில் போடாமல் குளிர்ந்த நீரில் கையால் அலசுவதும் உதிர்வைக் குறைக்கும். இஸ்திரி போடக்கூடாது.

ஐப்பசி வந்ததும், பாய் பழசானதும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பு வெளியிலுள்ள பாய்களை நன்றாகக் காயவைத்து, உள்ளே எடுத்து வைத்துவிடவேண்டும். சுருட்டிய பாயை மாடி மூலையில் நிறுத்தி வைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் பலர். சுருளின் நடுவிலும் அடியிலும் தேங்கும் ஒரு குவளைத் தண்ணீர் டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிடப் போதுமானது. மடிக்காமல் சுருட்டி, இரண்டு இடத்தில் கயிறு கட்டி, பரணில் கிடத்தி வைப்பது நல்லது. அடுத்த தையில் விரிக்கும்போது ஓரங்கள் தூக்கிக்கொண்டு நின்றால், இளவெயிலில் ஒரு மணி நேரம் கவிழ்த்துப் போட்டால் தட்டையாகிவிடும்.

ஆண்டுக்கு ஒருமுறை விரல் நகத்தால் ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். நகத்தில் வெண்மையான தூள் ஒட்டினால் மேற்பரப்பு கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். என் நீலப் பாயில் நான் செய்யத் தவறியது இந்த ஒன்றைத்தான். தூள் ஒட்டத் தொடங்கிய பாயை உடனே வெயிலிலிருந்து எடுத்துவிட்டு, நல்ல பகுதியை வெட்டி ஓரம் தைத்துப் பரணிலோ அலமாரித் தட்டிலோ அடிவிரிப்பாகப் போட்டால் நிழலில் இன்னும் பல ஆண்டு கிடக்கும். தோட்டத்தில் களை முளைக்காமலிருக்க மண்ணில் பரப்பலாம் என்று சொல்வதைக் கேட்கவேண்டாம். அது மண்ணில் துகளைத் தூவுவதற்கு ஒப்பானது. எரிப்பதும் கூடாது.

முழுதும் கழிக்கவேண்டி வந்தால் துணி ஓரப்பட்டையையும் வளையங்களையும் கத்தரித்துத் தனியாக்கி, ஒரே வகைப் பிளாஸ்டிக்காகக் கட்டிப் பழைய பொருள் கடையில் கேட்டுப் பாருங்கள். சுத்தமாகவும் பிரித்தும் இருந்தால் சிலர் எடுத்துக்கொள்வார்கள். பருத்திப் பாவும் பெட் ஊடும் கலந்து நெய்து, அடியில் ரப்பர் பூசிய விரிப்பை யாரும் எடுக்கமாட்டார்கள். வாங்கும் நாளிலேயே ரப்பர் பூச்சு இல்லாத, ஒரே பொருளாலான விரிப்பைத் தேடச் சொல்வது இதற்காகத்தான்.